செதில் இல்லாத மீன்

1

ஆஸ்திரேலியாவின் இந்தப் பக்கத்தில் சுறாவைச் சுறா என்று சொல்லி யாரும் விற்பதில்லை. 'ஃப்ளேக்' என்று சொல்லி விற்கிறார்கள். மெல்பர்னில் நாங்கள் இருக்கும் பகுதியில் தெருவுக்கொரு மீன் வறுவல் கடை உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் வாசலில் கூட்டம் நிற்கும். உள்ளே போய் ஒரு ஃப்ளேக் என்றால் போதும், மாவில் தோய்த்துப் பொரித்த வெள்ளைத் துண்டு ஒன்றையும் உருளைக்கிழங்கு வறுவல் ஒரு குவியலையும் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தத் துண்டில் முள் இருக்காது, வாடை இருக்காது, தலையோ வாலோ இருந்த தடயமே இருக்காது. மீனைத் தின்ன வேண்டும், ஆனால் அது ஒரு காலத்தில் நீந்திக்கொண்டிருந்தது என்று யாரும் ஞாபகப்படுத்தக் கூடாது என்று நினைக்கிற ஜனங்களுக்காகச் செய்த பண்டம் அது.

கீழ்பென்னாத்தூரில் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பத்தில் பிறந்து, வேலூரில் படித்து, கல்யாணமாகி இங்கே வந்து சேர்ந்த நான், ஆதி வயிற்றில் இருந்த காலம் முழுக்க அந்த வெள்ளைத் துண்டைத்தான் சாப்பிட்டேன். மசக்கையில் சோறு இறங்கவில்லை, ரசம் இறங்கவில்லை. இது ஒன்றுதான் உள்ளே தங்கியது. என் வீட்டுக்காரர் பாஸ்கர் வேலை முடிந்து வரும் வழியில் வாங்கி வருவார். மீன் சாப்பிடுங்கள், குழந்தையின் மூளைக்கு நல்லது என்று இங்கத்து நர்ஸ் சொல்லியிருந்தாள். எந்த மீன் என்று அவள் சொல்லவில்லை. நானும் சாமான்ய மீனில் என்ன வகை கேட்பது என்று விட்டுவிட்டேன்.

அது சுறா என்று எனக்குத் தெரிந்தபோது ஆதி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அதற்குள் எனக்கு ஒரு பொது மருத்துவமனையில், கர்ப்பிணிகள் வந்து பதிந்துகொள்ளும் கவுண்டரில் வேலை கிடைத்திருந்தது. மதியச் சாப்பாட்டு வேளையில் கூட வேலை செய்கிறவள் ஒருத்தி, "ஃப்ளேக் என்றால் சுறாதானே கண்ணே, இது தெரியாதா?" என்று சிரித்தாள். இந்த ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியுமாம். கடைப் பலகையில் எழுதியிருக்காது, அவ்வளவுதான்.

சுறாவில் என்ன கெடுதல் என்று ஊரில் இருக்கிற உங்களில் சிலர் கேட்கலாம். நிலக்கரிப் புகையிலும் ஆலைக் கழிவிலும் கடலுக்குப் போய்ச் சேரும் பாதரசம் கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்குள் போகிறது. அவற்றைச் சின்ன மீன் தின்கிறது, சின்ன மீனைப் பெரிய மீன் தின்கிறது, பெரிய மீனைச் சுறா தின்கிறது. தின்றதில் இருந்த பாதரசமெல்லாம் சதையிலேயே தங்கி, வயதாக ஆகச் சேர்ந்துகொண்டே போகிறது. கழுவினாலும் போகாது, வேக வைத்தாலும் போகாது. அதை அடிக்கடி சாப்பிடுகிற தாயின் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு மூளையும் நரம்பும் வளர்வதில் கோளாறு வரலாம். இந்த உண்மையை எல்லா நாட்டு அரசாங்கமும் தெரிந்து வைத்திருக்கிறது. தெரிந்து வைத்திருப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வியாதி பிடித்தது. ஆதிக்குக் கணக்கில் மார்க் குறைந்தால் ஃப்ளேக் என்று நினைப்பேன். சாவியைத் தொலைத்தால் ஃப்ளேக். சைக்கிளில் இருந்து விழுந்தால்கூட ஃப்ளேக். அவனோ எந்தக் குறையும் இல்லாமல் வளர்ந்து, பல்கலைக்கழகத்துக்குப் போய், என்னோடு வாதாடி ஜெயிக்கிற அளவுக்குத் தேறிவிட்டான். இப்போது அவன் மீனைத் தொடுவதில்லை. பால், முட்டை, தேனைக்கூடத் தொடுவதில்லை. போனில் மாமிக்கு அதைத் தமிழில் விளக்கப் போய், "மாமி, மீன் என்னைச் சாப்பிடாது" என்றான். "சாப்பிடாதுடா கண்ணு, அது கடல்ல இருக்குது, நீ வீட்ல இருக்கே" என்றார் என் அண்ணி. நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, இந்தத் தடுமாற்றத்துக்கும் அந்த வெள்ளைத் துண்டு காரணமாக இருக்குமோ என்று யோசித்தேன். வீட்டில் அவனோடு தமிழ் பேசாதது காரணம் என்று யோசிக்கவில்லை. பாதரசத்தின் மேல் பழி போடுவது எவ்வளவு வசதி பாருங்கள்.

2

போன வருஷம் எங்கள் மருத்துவமனைக்கு ஞானோதயம் வந்தது. பல மொழி பேசுகிற தாய்மார்களுக்காகத் துண்டுப் பிரசுரம் அச்சடித்தார்கள். தமிழும் அதில் உண்டு. உங்கள் மொழியை மதிக்கிறோம் என்று சுவரில் ஒரு பெரிய படம் ஒட்டினார்கள். அதில் புடவை கட்டிய ஒரு பெண் எதற்கென்று தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சேலத்துப் பக்கம் இருந்து வந்த ஒரு சின்னப் பெண், ஐந்து மாத வயிற்றோடு என் கவுண்டருக்கு வந்து அந்தத் தாளை நீட்டினாள்.

"அக்கா, இதுல ஒண்ணு எனக்குப் புரியல. எங்க வீட்ல செதில யாரும் சாப்பிடறதே இல்ல. மீனு வாங்கினா சுரண்டிப் போட்டுட்டுத்தான் சமைப்போம். எதுக்கு இத இவ்ளோ பெருசா போட்டிருக்காங்க?"

வாங்கிப் பார்த்தேன். கொட்டை எழுத்தில் இருந்தது: 'கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் பாதரசம் அதிகம் உள்ள செதில்களை உண்பதைக் கட்டுப்படுத்தவும்.'

ஆங்கிலத் தாளை எடுத்து ஒப்பிட்டேன். அதில் ஃப்ளேக் என்று இருந்தது. இந்த ஊர்க்காரர் எழுதியது, அவருக்கு ஃப்ளேக் என்றால் சுறா. தமிழில் மாற்றியது மனிதனோ மெஷினோ, அதற்கு ஃப்ளேக் என்றால் செதில். எல்லோரும் அவரவர் அளவில் சரியாகத்தான் செய்திருந்தார்கள்.

"நீ வாரத்துல எத்தன நாள் வெளிய மீன் சாப்பிடறம்மா?" என்றேன்.

"வெள்ளிக்கெழமை மட்டும் ஃப்ளேக்கும் சிப்ஸும் வாங்குவோம்கா. அதுல பயமில்ல, செதிலே இருக்காது."

அவளை உட்கார வைத்து விஷயத்தைச் சொல்லி அனுப்பிவிட்டு, மேலதிகாரி டெப்ராவிடம் போனேன். நல்ல பெண்மணி. காலையில் எல்லோருக்கும் வணக்கம் சொல்லுவார், புவனா என்கிற என் பெயரை மட்டும் இத்தனை வருஷமாக 'பவானா' என்று சொல்லுவார். தாளைக் காட்டி, இது தப்பு, ஆபத்தான தப்பு, சுறாவைச் சாப்பிடாதே என்று சொல்ல வேண்டிய இடத்தில் செதிலைச் சாப்பிடாதே என்று இருக்கிறது என்றேன்.

"அப்படியா? ஆனால் இது சான்று பெற்ற மொழிபெயர்ப்பு, பவானா."

"எனக்குத் தமிழ் தாய்மொழி."

"அதுதான் சிக்கல். தாய்மொழியாக இருப்பவர்களுக்கு ஒரு சார்பு இருக்கும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொல்வீர்கள். நாங்கள் நடுநிலையாக இருக்க வேண்டும் இல்லையா?"

சுறாவுக்கும் செதிலுக்கும் நடுவில் எந்த இடத்தில் நிற்பது நடுநிலை என்று நான் கேட்கவில்லை. குழுவில் வைக்கிறேன் என்றார். குழு என்பது இங்கே ஒரு பெரிய சுறா. உள்ளே போனது எதுவும் வெளியே வராது. கவுண்டரில் தமிழ் முகம் தெரிந்தால் தாளைப் பிடுங்கிப் பேனாவால் திருத்திக் கொடுப்பேன். மற்றவர்கள் கையில் போனது போனதுதான்.

வீட்டுக்கு ஒரு தாளைக் கொண்டுவந்து பாஸ்கரிடம் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். குடும்ப வாட்ஸப் குரூப்பில் எதையாவது போடாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. உடனே போட்டோ எடுத்து, கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மைகள் நாலைந்தைச் சேர்த்து அனுப்பினார். இதில் என்ன வேடிக்கை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நகைச்சுவையை விளக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

3

அண்ணன் மகள் ஷாலினிக்குத் தலைப்பிரசவம், பெண் குழந்தை. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவள், பிரசவத்துக்குத் திருவண்ணாமலையில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். பெயர் வைக்கும் விசேஷத்துக்கு நான் மட்டும் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். பாஸ்கருக்கு வேலை. ஆதிக்கு நண்பர்களோடு ஏதோ திட்டம். அத்தை மகள் பெற்ற பிள்ளையா, மாமா மகள் பெற்ற பிள்ளையா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, வாழ்த்துச் சொல்லுங்கள் என்றான்.

விசேஷத்துக்கு நேராகப் போய் இறங்கும்படி விமானம் தாமதமானது. அன்றைக்குச் சைவச் சாப்பாடு, கூட்டம், போட்டோ. அதனால் மறுநாள்தான் அந்த வீட்டின் அன்றாடத்தைப் பார்த்தேன்.

அண்ணன் வீடு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசைத் தாண்டி, முன்பு நிலமாக இருந்த இடத்தில் புதிதாக முளைத்த வரிசையில் இருக்கிறது. காலையில் குளித்துவிட்டு வந்தால் சமையலறையில் இருந்து ஒரு வாடை வந்தது. சுறா வேகிற வாடை. மூத்திரமும் மஞ்சளும் சேர்ந்து கொதித்த மாதிரி இருக்கும். ஒரு தடவை மூக்கில் ஏறினால் ஆயுசுக்கும் இறங்காது. வசந்தா அண்ணி வெந்த மீனின் சொரசொரத் தோலை உரித்து, சதையை உதிர்த்து, தண்ணீரைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"என்னங்க அண்ணி, சுறாவா?"

"பால் சுறா. புட்டு பண்றேன் ஷாலினிக்கு. தினமும் இதான். பால் எப்பிடி ஊறுது தெரியுமா? கடலூர்லேந்து ஐஸ் பெட்டில வருது, மார்க்கெட்காரன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

"தினமுமா? அண்ணி, பால் குடுக்கற பொண்ணுக்குத் தினம் சுறா ஆவாதுங்க. அதுல பாதரசம் ஜாஸ்தி."

அண்ணி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, தேடி, என் முகத்துக்கு நேரே நீட்டினார். பாஸ்கர் அனுப்பிய போட்டோ.

"எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சியா? பாதரசம் செதில்ல இருக்குதுன்னு உங்க ஆஸ்திரேலியாவே போட்டிருக்குது பாரு. இதப் படிச்ச அன்னிக்கே செதில் இருக்கற மீன இந்த வீட்ல நிறுத்திட்டேன். முன்னெல்லாம் மத்தி வாங்குவேன், சங்கரா வாங்குவேன், எல்லாம் கட். சுறாவுக்குச் செதிலே கெடையாது. அதனாலதான் தினம் சுறா. புள்ளத்தாச்சியா இருக்கும்போதுலேந்தே குடுக்கறேன்."

நான் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். சுறாவைத் தவிர்க்கச் சொல்லி அச்சடித்த தாள் கடல் தாண்டி வந்து, அண்ணியின் சமையலறையில் சுறாவைத் தவிர வேறு எதையும் சாப்பிடக் கூடாது என்ற உத்தரவாகியிருந்தது. சொந்த ஊரில் யாரையும் ஒரு தாளின்படி நடக்க வைக்க முடியாத டெப்ராவின் குழு, வேங்கிக்காலில் அதைச் சாதித்துவிட்டது.

"அண்ணி, அந்தப் பேப்பரே தப்புங்க. ஃப்ளேக்னா செதில் இல்ல. சுறாவத்தான் அவங்க அப்பிடிச் சொல்றாங்க. மாத்தி எழுதினவங்களுக்குத் தெரியல. அதுக்குத்தான் அவரு சிரிச்சி அனுப்பினாரு."

"சந்தோஷமா அனுப்பியிருக்காருன்னுதான் நெனச்சோம். சரி, கவர்மெண்டுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?"

"தமிழு எனக்குத் தெரியும்லங்க?"

"எங்களுக்குந்தான் தெரியும். செதில்னா செதில்."

டெப்ராவும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. பார்த்தால் நன்றாக ஒத்துப்போவார்கள்.

"நிறுத்த வேணாங்க, மீன மாத்துங்க. நெத்திலி போடுங்க, மத்தி போடுங்க. சின்ன மீன்ல கம்மி."

"நெத்திலியா?" அண்ணியின் குரல் ஏறியது. "தலைப்புள்ள பெத்தவளுக்கு நெத்திலி போட்டு வச்சிருக்காங்கன்னு சம்பந்தி வீட்ல கேள்விப்பட்டா என்னா ஆவும்? வர்ற ஞாயித்துக்கெழம சம்பந்தியம்மா வேற வராங்க. அவங்க கடலூர்க்காரங்க, மீனுல நம்மள எட போடறவங்க."

கூடத்தில் அண்ணன் தாமோதரன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நீங்களாவது சொல்லுங்கண்ணே என்றேன். "அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்மா" என்று பக்கத்தைத் திருப்பினார். உலக அரசியலில் எந்தப் பக்கத்தைத் திருப்பச் சொன்னாலும் கருத்துச் சொல்கிறவர்.

நான் விடவில்லை. மூளை, நரம்பு, வளர்ச்சி என்று கவுண்டரில் கேட்டதையெல்லாம் அடுக்கினேன். பேச்சில் நடுநடுவே 'எங்க ஊர்ல' என்று ஆஸ்திரேலியாவைச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அண்ணிக்கு அதுதான் சுட்டது.

"நானும் ரெண்டு பெத்தேன். சுறா தின்னுதான் பால் குடுத்தேன். மக்குப் பசங்களாவா போயிட்டாங்க? நீ உங்க ஊர்ல பொரிச்ச மீனத் தின்னு ஒண்ணே ஒண்ணு பெத்தே. அது மீன் என்னைச் சாப்பிடாதுன்னு பேசுது."

அவருக்கு என் பயம் தெரியாது. யாருக்குமே நான் சொன்னதில்லை. சும்மா வீசிய கல் சரியான இடத்தில் விழுந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய் ஆட்டோவை நிறுத்தினேன்.

4

கோபத்தில் ஏறுகிறவர்களுக்குப் போகிற இடம் தெரியாது. செங்கம் ரோடு என்றேன். ஆசிரமத்துப் பக்கத்தில் ஒரு காபிக் கடை வாசலில் இறக்கிவிட்டார். சின்ன வயதில் நாங்கள் கண்ட ஊர் அங்கே கிடையாது. தரையில் மெத்தை போட்டு, மண் குவளையில் காபி ஊற்றி, ஆங்கிலத்தில் அமைதியாக இருக்கச் சொல்லிப் பலகை மாட்டியிருந்தார்கள்.

பக்கத்து மெத்தையில் வெள்ளைப் புடவை சுற்றிய ஒரு வெள்ளைக்காரி பச்சை நிறத்தில் எதையோ குடித்துக்கொண்டிருந்தாள். பேச்சை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். மெல்பர்ன்காரி, எங்கள் பக்கத்துப் பேட்டை. அந்தப் பச்சைச் சாறு உடம்பில் சேர்ந்த பாதரசம், ஈயம் எல்லாவற்றையும் உறிஞ்சி வெளியேற்றிவிடும் என்றாள். யார் சொன்னது என்றேன். சுவரைக் காட்டினாள். விலைப்பட்டியலுக்கு மேலே எழுதியிருந்தது.

"பாதரசம் உனக்கு எப்படிச் சேர்ந்தது?"

"மீன்தான். சின்ன வயதில் இருந்து ஃப்ளேக் நிறைய."

"அது சுறா என்று தெரியுமா?"

"எல்லோருக்கும் தெரியுமே."

நான் அங்கே போய்ச் சேர்த்துக்கொண்டதை அவள் இங்கே வந்து இறக்கி வைக்கிறாள். இரண்டு பேரும் விமானத்துக்குக் காசு கொடுத்திருக்கிறோம். எல்லோருக்கும் தெரியுமாம். தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிவிக்கிற வேலையை மட்டும் ஒரு அகராதியிடம் விட்டுவிட்டார்கள். காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

5

வீட்டுக்குத் திரும்பினால் அண்ணி பேசவில்லை. ஷாலினி அறைக்குள் கூப்பிட்டாள். குழந்தை அவள் மடியில் குடித்துக்கொண்டே தூங்கிக்கொண்டிருந்தது.

"அத்த, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. அம்மா என் தட்டுல சுறாவ வைக்கறாங்க, நீங்க எடுக்கறீங்க. எனக்கு என்னா வேணும்னு ரெண்டு பேரும் கேக்கல. நான் சமையல் ரூமுக்குப் பக்கத்து ரூம்லதான் இருக்கேன், எனக்குக் காது கேக்குது."

"உன் நல்லதுக்குத்தாம்மா..."

"அம்மாவும் அதான் சொல்றாங்க. நாளைக்குச் செக்கப் இருக்கு. நானே டாக்டர்கிட்ட கேட்டுக்கறேன். நீங்களும் வர வேணாம், அம்மாவும் வர வேணாம். அப்பா வண்டி ஓட்டினாப் போதும்."

அவள் கண்ணில் பயம் இருந்தது. மாசமாக இருந்தபோதிலிருந்தே சாப்பிட்டிருக்கிறாள். வீட்டில் இரண்டு பெண்கள் யார் சொல்வது சரி என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, பயப்படுகிற வேலையை அவள் ஒருத்தி தனியாகச் செய்திருக்கிறாள். எனக்கு அந்தப் பயம் தெரியும். தெரிந்தும் அவளிடம் உட்கார்ந்து பேச எனக்குத் தோன்றவில்லை, அண்ணியோடு ஜெயிக்கத்தான் தோன்றியது.

மறுநாள் மதியம் வந்தார்கள். குழந்தையை அண்ணியிடம் கொடுத்துவிட்டு ஷாலினி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். அண்ணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

"டாக்டரம்மா திட்டல. சுறாவப் பத்திக் கேக்காத பொண்ணே இந்த ஊர்ல கெடையாதாம். இதுவரைக்கும் சாப்பிட்டத நெனச்சி அழுவாத, பாப்பா நல்லா இருக்குதுன்னாங்க. பால்ல கம்மியாத்தான் போவும், ஆனா தினம் எதுக்கு, சின்னச் சுறான்னாலும் சுறாதான், விட்டுடுன்னாங்க."

"அப்ப பாலு?" என்றார் அண்ணி.

"பால் ஊறினதுக்குச் சுறா காரணமில்லயாம்மா. பாப்பா குடிக்கக் குடிக்கத்தான் ஊறுமாம்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "மீனையே நிறுத்திடாத, பாப்பாவுக்கு மீன் சத்து வேணும், நெத்திலி மத்தின்னு சின்னதா மாத்தி மாத்திச் சாப்பிடுன்னாங்க."

நான் ஜெயித்திருந்தேன். அண்ணி முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, பார்த்தேன். ஆனால் ஷாலினி இன்னும் முடிக்கவில்லை.

"இன்னொண்ணும் கேட்டேன் அத்த. எங்க அத்த வெளிநாட்ல மாசமா இருக்கும்போது வாராவாரம் சுறா சாப்பிட்டிருக்காங்க, பையன் காலேஜ் படிக்கறான், இப்ப என்னா பண்றதுன்னு. ஒண்ணும் பண்ண வேணாம்மா, பையன் நல்லா இருந்தா நல்லா இருக்கான்னு எடுத்துக்கச் சொல்லு, இனிமே அதத் தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாதுன்னாங்க."

என் பயத்தை நான் அவளிடம் சொன்னதே இல்லை. மாசமாக இருந்தபோது ஃப்ளேக் தவிர எதுவும் இறங்கவில்லை என்று என்றைக்கோ போனில் சொல்லியிருப்பேன். நேற்று அண்ணியின் சொல் கேட்டு நான் செருப்பை மாட்டியதையும் கேட்டிருப்பாள். இரண்டையும் கூட்டிப் பார்த்திருக்கிறாள். எழுந்து போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன். அண்ணிதான் வந்து குழாயை மூடினார். "தண்ணி கம்மியாத்தான் வருது புவனா" என்றார். அன்றைக்கு அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது. துண்டையும் அவர்தான் கொடுத்தார்.

6

அடுத்த நாளிலிருந்து நெத்திலி வந்தது. ஆனால் அண்ணி ஒரு நிபந்தனை போட்டார். ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா எதிரில் ஷாலினி ஒரே ஒரு வாய் சுறாப் புட்டு சாப்பிட வேண்டும். அவர்கள் கிளம்பிப் போனதும் வேண்டிய அளவு நெத்திலிக் குழம்பு. குழந்தையின் மூளை ஒரு பக்கம், கடலூரில் நம்மைப் பற்றிப் பேசப்போகிற பேச்சு ஒரு பக்கம் என்று தராசில் வைத்தால் இரண்டாவதுதான் எப்போதும் தாழ்கிறது. எங்கள் ஜனத்துக்கு எந்தத் தேசத்துக்குப் போனாலும் இது மாறுவதில்லை. நானும் சரி என்று விட்டுவிட்டேன். ஒரு வாய்தானே என்று ஷாலினியும் தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா, மகனோடு காரில் வந்து இறங்கினார். கையில் பட்டுப் பை, பின்னால் மாப்பிள்ளை தூக்கி வந்தது ஒரு பெரிய தெர்மாகோல் பெட்டி. திறந்தார்கள். ஐஸுக்குள் பால் சுறாக்கள், சாம்பல் நிறத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக.

"விடியக்காலம் நானே போயி நின்னு எடுத்தேன் சம்பந்தி. வேற யாரையும் நம்பறதுக்கில்ல" என்றார்.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?" என்று அண்ணி பூரித்தார். இரண்டு பேரும் சமையலறைக்குள் போய், வேக வைத்து, உரித்து, பிழிந்து, பூண்டும் பச்சை மிளகாயும் வெங்காயமும் போட்டு ஒரு பெரிய சட்டி நிறையப் புட்டு செய்தார்கள். யார் வீட்டுப் பக்குவம் சரி என்று மரியாதையாக ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள். வீடு முழுக்க வாடை.

எல்லோரும் உட்கார்ந்தோம். அண்ணி ஷாலினியின் தட்டில் ஒரு கரண்டி வைத்தார். சம்பந்தியம்மா கரண்டியை வாங்கி இன்னும் இரண்டு வைத்தார்.

ஷாலினி தட்டைப் பார்த்தாள். சோற்றைப் பிசைந்தாள். கை வாய்க்குப் போகவில்லை. இடது கையால் தட்டை மெதுவாக முன்னால் தள்ளினாள்.

"அத்த, நான் சாப்பிடலங்க" என்று மாமியாரிடம் சொன்னாள்.

சம்பந்தியம்மாவின் முகம் மாறியது. "ஏம்மா? நல்லால்லியா?" என்று கேட்டுக்கொண்டே அண்ணியைப் பார்த்தார். நானும் அண்ணியைப் பார்த்தேன். இனிமேல் இவர் மகளை அதட்டுவார், ஒரு வாய்தானே என்பார், என்னைக் கை காட்டுவார் என்று எதிர்பார்த்துப் பதிலை வாய்க்குள் கூர் தீட்டி வைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார்.

"டாக்டர் வேணாம்னுட்டாங்க சம்பந்தி. அதுல பாதரசம் இருக்குதாம், பால் குடுக்கற பொண்ணுக்கு ஆவாதாம். நாங்க இப்ப நெத்திலிதான் போடறோம். நீங்க கோச்சுக்கிட்டாலும் சரி, அவ சாப்பிட மாட்டா."

அண்ணனும் மாப்பிள்ளையும் மட்டும் புட்டைப் பிசைந்து மும்முரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அவர்கள் அடுத்த வாரம் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

சம்பந்தியம்மா தன் தட்டைப் பார்த்தார். அதிலும் புட்டு தொடாமல் இருந்தது. அப்போதுதான் நான் கவனித்தேன்.

"நான் ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது" என்றார். "எனக்கு இந்த வாடையே ஆவாதுங்க சம்பந்தி. மூணு புள்ளைக்கும் மூக்கப் புடிச்சிக்கிட்டுத்தான் முழுங்கினேன். எங்க மாமியா பக்கத்துலயே உக்காந்திருக்கும், தட்டு காலியாவற வரைக்கும் எழுந்து போவாது. இவளுக்குக் குடுக்க வேணாம்னுதான் இருந்தேன். நீங்க போன் பண்றப்பல்லாம் தினம் சுறா போடறேன், தினம் சுறா போடறேன்னு பெருமையா சொன்னீங்களா, அப்ப நாம கொறைச்சலா நடந்துக்கக் கூடாதேன்னுதான் விடியக்காலம் போயி நின்னேன்."

முதலில் சிரித்தது ஷாலினி. சிரிப்போடு அழுகையும் சேர்ந்து வந்தது. தையல் போட்ட இடம் வலிக்குது, சிரிக்க வைக்காதீங்க என்றாள். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. உள்ளறையில் குழந்தை விழித்துக்கொண்டு கத்தியது, யாரும் உடனே எழுந்திருக்கவில்லை.

"அந்த நெத்திலி இருந்தா எனக்கும் ரெண்டு கரண்டி ஊத்துங்க சம்பந்தி" என்றார் சம்பந்தியம்மா.

அண்ணி எழுந்து பின்கட்டுக்குப் போனார். சம்பந்தி கண்ணில் படக் கூடாது என்று வாஷிங் மெஷினுக்குள் வைத்து, மேலே பழைய புடவையைப் போட்டு மூடியிருந்த குழம்புச் சட்டியை எடுத்து வந்தார். ஆறிப்போயிருந்தது. சுட வைக்கிறேன் என்றவரை ஷாலினியும் விடவில்லை, சம்பந்தியம்மாவும் விடவில்லை, நானும் விடவில்லை.